தீப்பிடித்தால் மட்டும் தெரியும் ஊர்கள்

2009 ஏப்ரிலில் ஒரு நாள், விடிய வெளிக்கிட்டு எடிசனில் இருந்து இரண்டு பஸ்களில் நியூ யோர்க் போனோம். ஐ.நா. சபைக்கு அருகில் பகல் முழுவதும் நின்றோம். கத்தித் தொண்டை அடைத்துப்போய்ப் பின்னேரம் வீடு திரும்பி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரீவியைப் போட்டோம். ஐந்து மணிச் செய்தி, ஐந்தரை மணிச் செய்தி, ஆறு மணிச் செய்தி. சனலை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிறொங்ஸில் ஒரு மாடிக் குடியிருப்புத் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. எல்லாச் சனல்களிலும் அதே குடியிருப்புத்தான் எரிந்தது. கடைசியில் ஒன்றில் நாமும் வந்தோம். செய்தியில் அல்ல, இடையில் வரும் போக்குவரத்து நிலவரத்தில்! வானத்தில் இருந்து எடுத்த படம். எறும்புகள்போல் நாம். முதலாம் அவெனியூவில் ஆர்ப்பாட்டமாம், வாகனங்கள் வேறு பாதையைப் பாவிப்பது நல்லதாம். மொத்தம் பதினொரு விநாடி. யார் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள், எதற்காக என்பது பற்றி ஒரு சொல் இல்லை.

அன்றைய கோபம் ஆற நாளெடுத்தது. ஆறிய பிறகுதான் ஒன்று விளங்கியது. இது எமக்கென்று நேர்ந்த விசேட அவமானம் அல்ல. நாம் குடியிருக்கும் மாநிலத்துக்கே இதுதான் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. நியூ ஜேர்சி தொலைக்காட்சியில் வருவது தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், அல்லது பாதை அடைபட்டால்.

தொலைக்காட்சித் தொழிலில் "சந்தை" என்று ஒரு சொல் உண்டு. நீல்சன் நிறுவனம் அமெரிக்காவை 210 சந்தைகளாகக் கூறுபோட்டு வைத்திருக்கிறது. விளம்பரக் காசு இந்தக் கூறுகளின்படிதான் பாய்கிறது. மொன்ரானாவில் கிளென்டைவ் என்று ஒரு சின்னஞ்சிறு பட்டினம், சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சில ஆயிரம் வீடுகள்தான். அதற்குத் தனிச் சந்தை உண்டு. 90 இலட்சத்துக்கு மேல் சனம் வாழும் நியூ ஜேர்சிக்கு இல்லை. இங்குள்ள 21 கவுண்டிகளில் வடக்கே 13 நியூ யோர்க் சந்தைக்கும், தெற்கே 8 பிலடெல்பியா சந்தைக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன. இரண்டுமே நாட்டின் மிகப்பெரிய சந்தைகளுள் அடங்குவன. ஆகவே ட்ரென்ரனில் சட்டசபை என்ன செய்கிறது என்பது நியூ யோர்க்காரனுக்கும் வேண்டாம், பிலடெல்பியாக்காரனுக்கும் வேண்டாம். ஆனால் எமக்கு வேண்டும். நாட்டிலேயே மிகக் கூடிய வீட்டு வரி கட்டும் மாநிலங்களில் ஒன்று இது. 564 உள்ளூராட்சிச் சபைகள். அதற்கும் மேலே பாடசாலைச் சபைகள். எமது காசு எங்கே போகிறது என்று கேட்டுச் சொல்ல ஒரு கமரா இல்லை.

செய்திகளுக்கிடையே போட்டி இருந்தால் நல்ல செய்தி வரும் என்று இந்த நாட்டில் பாலர் வகுப்பிலேயே படிப்பிக்கிறார்கள். அந்தப் போட்டி எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். இன்று அமெரிக்கா முழுவதும் உள்ளூர்ச் செய்திகள் பாவிக்கும் இரண்டு அச்சுகளும் டெலவெயார் ஆற்றுக்கு அப்பால், பிலடெல்பியாவில் வார்க்கப்பட்டவை. ஒன்று 1965இல் அல் பிறிமோ என்பவர் தொடக்கிய "ஐவிற்னஸ் நியூஸ்". செய்தியாளரை ஸ்ரூடியோவுக்கு வெளியே கொண்டுபோய்ச் சம்பவ இடத்தில் நிறுத்தியது அது. 1968இல் அவர் அதை நியூ யோர்க்கின் 7ஆம் சனலுக்குக் கொண்டுபோனார். மற்றது 1970இல் பிலடெல்பியாவின் 6ஆம் சனல் கொண்டுவந்த "அக்ஷன் நியூஸ்". செய்திகள் குறுகின, வேகம் கூடியது, துள்ளும் இசை சேர்ந்தது. எதிரியை வெல்ல வந்த இந்த அச்சு வென்றது. வென்றதும் எதிரிகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள். போட்டி முற்ற முற்ற ஒருவரையொருவர் பிரித்தறிய முடியாமல் போனது. சம்பவ இடத்தில் நிற்பதென்றால் நிற்பதற்குச் சம்பவம் வேண்டும். தீ சம்பவம். வரவுசெலவுத் திட்டம் சம்பவம் அல்ல.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். இலங்கை வானொலி ஒன்று சொல்லும். புலிகளின் குரல் அதற்கு நேரெதிராய் ஒன்று சொல்லும். மணிலாவில் இருந்து வெரித்தாஸ் இன்னொன்று. இரவு தமிழோசை. ஒரே ஷெல்லடிக்கு நாலு கணக்குகள். யாரையும் முழுதாக நம்பவில்லை. கொழும்பு எதை மறைக்கும், இயக்கம் எதைப் பெருப்பிக்கும் என்பது சைக்கிள் சுற்றிய பொடியனுக்கே தெரியும். கழித்துக் கூட்டி எமக்கென்று ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, சாவுக் காலம் அது. ஆனாலும் அங்கே நாலு பேரும் நாலு இடத்தில் நின்று பேசினார்கள். இங்கே ஏழெட்டுச் சனல்களும் ஒரே தீயின் முன்னால் நிற்கின்றன. கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. எண்ணிக்கையைத்தான் போட்டி என்று நாம் இவ்வளவு காலமும் நம்பியிருந்தோமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நியூ ஜேர்சிக்கென்று ஒரு பலமான வர்த்தக நிலையம் இல்லாமல் போனது தானாக நடந்த காரியமல்ல. நியூவார்க் நகருக்கு 13ஆம் சனல் இருந்தது. 1961இல் அதை விற்று நியூ யோர்க்கின் கல்வித் தொலைக்காட்சியாக்க ஏற்பாடு நடந்தபோது, அன்றைய கவர்னர் றொபேட் மைனர் நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தார். முடியவில்லை. அனுமதிப்பத்திரத்தில் இன்றுவரை நியூவார்க் என்றுதான் இருக்கிறது. ஆனால் அது நியூ யோர்க்கின் சொத்து என்பது குழந்தைக்கும் தெரியும்.

அடுத்த இருபது வருடம் மாநிலம் முறையிட்டுக்கொண்டே இருந்தது. 1982இல் செனற்றர் பில் பிறாட்லி ஒரு வரிச் சட்டத்துக்குள் சிறு பிரிவு ஒன்றைச் செருகினார். இத்தகைய வர்த்தக நிலையம் இல்லாத மாநிலத்துக்கு எந்த நிலையம் பெயர்கிறதோ, அதன் அனுமதிப்பத்திரம் தானாகவே ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். நியூ யோர்க்கின் 9ஆம் சனலை வைத்திருந்த ஆர்.கே.ஓ. கம்பனிக்கு இது வரப்பிரசாதம். தாய்க் கம்பனியின் முறைகேடுகளால் பொஸ்ரன் நிலையத்தின் அனுமதியை அது இழந்துகொண்டிருந்த நேரம். அனுமதிப்பத்திரத்தைக் காப்பாற்ற 9ஆம் சனல் 1983இல் நியூ ஜேர்சிக்கு உரியதானது, ஸ்ரூடியோவும் பிறகு சீக்கோகஸுக்கு வந்தது. எம்மில் சிலர் சொந்த நாட்டிலே விலாசம் மாற்றிப் பதிந்து பங்கீட்டு அட்டை எடுத்த கதைதான். விலாசம் இங்கே, மனம் ஆற்றுக்கு அப்பால்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, இரவு பத்து மணிக்கு 9ஆம் சனலில் ஒரு செய்தி இருந்தது. நியூவார்க் நகரசபையின் பெயர் அதில் அடிபட்டது. 2001இல் நிலையம் ஃபொக்ஸ் கைக்கு மாறியது. அவர்களிடம் ஏற்கெனவே நியூ யோர்க்கின் 5ஆம் சனல் இருந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு நிலையங்கள் என்றால் எது இளைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடிமக்கள் குழுக்கள் ஆட்சேப மனுப் போட்டன, செனற்றர்கள் கண்டித்தார்கள். அனுமதிப்பத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 2013 யூலை தொடக்கத்தில் செய்தி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தது "சேசிங் நியூ ஜேர்சி". பெயரே துரத்துவது. செய்தியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தாம் துரத்திப் பிடித்ததைத் தொகுப்பாளரிடம் ஒப்புவிப்பார்கள். அவர் புருவத்தை உயர்த்துவார், பகிடி விடுவார். சினிமாக்காரரைத் துரத்தும் நிகழ்ச்சிகளின் நடையில் நகரசபை! முதல் தொகுப்பாளராக இருந்த பில் ஸ்பெய்டியா பிறகு வானொலிக்குப் போய், 2025இல் கவர்னர் பதவிக்கான குடியரசுக் கட்சி உட்தேர்தலிலும் நின்றார். செய்தி வாசிப்பவர் யார், வாக்குக் கேட்பவர் யார் என்ற கோடு அந்த நிகழ்ச்சியிலேயே அழியத் தொடங்கியிருந்தது என்பது எமது அபிப்பிராயம்.

அந்தச் செய்தி நின்று இரண்டு மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். 2013 செப்ரெம்பர் 9ஆம் திகதி, திங்கட்கிழமை. பாடசாலைகள் தொடங்கிய கையோடு, ஃபோர்ட் லீ நகரில் இருந்து ஜோர்ஜ் வோஷிங்டன் பாலத்துக்கு ஏறும் மூன்று வழிகளில் இரண்டு மூடப்பட்டன. நாலைந்து நாள் நகரமே அசையவில்லை. பார்ப்பதற்கு அது போக்குவரத்து நெரிசல். நெரிசலை வானத்தில் இருந்து காட்டுவதற்கு இந்தப் பிரதேசத்தில் ஹெலிகொப்ரர்களுக்குக் குறைவில்லை. ஏன் நெரிசல் என்று முதலில் கேட்டு எழுதியவர், பேர்கன் கவுண்டியின் "த றெக்கோர்ட்" பத்திரிகையில் வாகன ஓட்டிகளின் குறைகளை எழுதிவந்த பத்தி எழுத்தாளர் ஒருவர். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது கவர்னர் கிறிஸ் கிறிஸ்ரியின் அலுவலகம்வரை போனது. தேர்தலில் ஆதரவு தராத நகர முதல்வரைப் பழிவாங்கவே வழிகள் மூடப்பட்டன என்று அரச தரப்பு வழக்காடி, 2016இல் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நிராகரித்தது. நடந்தது அதிகார துஷ்பிரயோகம்தான், ஆனால் அந்த மோசடிச் சட்டத்துக்குள் அடங்காது என்பது அதன் முடிவு. நெரிசலைக் காட்டப் பலர் இருந்தார்கள். ஏன் என்று கேட்க, நாள்தோறும் அந்த ஒரே பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டியிருந்தது. முதலாம் அவெனியூவில் எம்மை எறும்பாகப் படம் பிடித்த அந்த ஹெலிகொப்ரரையும் நாம் இதோடு சேர்த்தே யோசிக்கிறோம்.

ஏன் என்று கேட்கும் வேலையை ஓரளவுக்கேனும் செய்த தொலைக்காட்சி ஒன்று இருந்தது. நியூ ஜேர்சி நெற்வேர்க், சுருக்கமாக என்.ஜே.என். 1971 ஏப்ரிலில் தொடங்கியது. மாநில அரசுக்குச் சொந்தம். 23, 50, 52, 58 என்று யாரும் எட்டிப் பார்க்காத எண்களில் இருந்தது. அரசாங்கத் தொலைக்காட்சி என்றதும் முதலில் எமக்கு ரூபவாஹினிதான் ஞாபகம் வந்தது. அமைச்சர் நாடா வெட்டுவார், அமைச்சர் மரம் நடுவார். அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பார்க்காமலே விட்டவர்களும் உண்டு. நாம் பார்க்கத் தொடங்கியது தற்செயலாக. அலங்காரம் இல்லாத மேசை, அவசரம் இல்லாத குரல். கென்ற் மனகன் செய்தி வாசிப்பார். மைக்கல் ஏறன் ட்ரென்ரன் சட்டசபையின் நடைபாதையிலேயே வாழ்ந்தவர்போல், கவர்னர் மாறினாலும் தான் மாறாமல் நின்று கேள்வி கேட்பார். ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு மாநிலம் எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்ற வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. அதை ஒரு தொடர்கதைபோல் நாம் விளங்கிக்கொண்டது இந்தச் சனலில்தான்.

குறைகள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. சோம்பலான நிகழ்ச்சிகள் நிறைய. எம்மைப் போன்ற வந்தேறிகள் பெரும்பாலும் கலை நிகழ்ச்சிப் பகுதியில் நடனமாடத்தான் வந்தோம். தீபாவளிக்கு ஒரு குத்துவிளக்கு, அவ்வளவே. எல்லாவற்றிலும் பெரிய குறை அதன் பிறப்பிலேயே இருந்தது. அரசு கொடுத்ததை அரசு எடுக்கலாம். கவர்னர் கிறிஸ்ரி எடுத்தார். 2011 யூன் 30ஆம் திகதியோடு என்.ஜே.என். முடிந்தது. அதை நடத்தும் பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? ஐம்பது வருடங்களுக்கு முன் நியூவார்க்கில் இருந்து போன அதே 13ஆம் சனலிடம்! நியூ ஜேர்சியின் கதையை இனி நியூ யோர்க்தான் சொல்லும் என்று ஆனது. அவர்கள் மோசமாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். செய்தியை நடத்தினார்கள், ஏறனும் சிலகாலம் தொடர்ந்தார். ஆனால் பழைய செய்திப் பகுதியின் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போனார்கள்.

தெற்கே இன்னும் ஒரு கதை. அற்லாண்டிக் சிற்றிப் பக்கம் 1966இல் இருந்து 40ஆம் சனல் ஒன்று இருந்தது. என்.பி.சி.யின் இணைப்பு நிலையம். உண்மையான சின்ன நிலையம். இத்தகைய இடங்களில் கமராவைத் தூக்குபவரே கேள்வி கேட்பார், அவரே வெட்டி ஒட்டுவார். அந்தக் கரையோரத்துக்கென்று நாள்தோறும் செய்தி தந்த ஒரே பெருவலைத் தொலைக்காட்சி அதுதான். சூதாட்ட விடுதிகளில் இரவு வேலை செய்த எம்மவர் சிலருக்கு அதன் காலநிலை அறிக்கையும் விடுதிச் செய்தியும்தான் வேலைக்குப் போவதா இல்லையா என்பதைச் சொல்லும். 2014இல் அற்லாண்டிக் சிற்றியில் நாலு விடுதிகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 8,000 பேர் வேலை இழந்தார்கள். அதே 2014 டிசெம்பர் இறுதியோடு 40ஆம் சனலின் செய்தியும் மூடப்பட்டது. பிலடெல்பியாவில் தனக்குச் சொந்த நிலையம் இருக்க, அருகில் இன்னொன்று எதற்கு என்பது என்.பி.சி.யின் கணக்கு. நிலையத்தை வாங்கியவர்களின் கணக்கு வேறு. அவர்கள் வாங்கியது செய்திக்காக அல்ல, காற்றலைக்காக. கைத்தொலைபேசிக் கம்பனிகளுக்கு அலைவரிசை தேவைப்படும், அரசாங்கம் ஏலம் போடும், அப்போது விற்கலாம் என்று.

அந்த ஏலத்தில் மாநிலமும் கலந்துகொண்டது. 2017இல் முடிந்த ஏலத்தில் மொன்ற்கிளெயர், ட்ரென்ரன் நிலையங்களின் அலைவரிசைகளை விற்று நியூ ஜேர்சி 33 கோடி 20 இலட்சம் டொலர் பெற்றது. அதில் ஒரு பங்கை உள்ளூர்ச் செய்திக்குக் கொடுங்கள் என்று பலர் கேட்டார்கள். 2018இல் அதற்கென ஒரு அமைப்பு சட்டமாகி, ஒதுக்கப்பட்டது 50 இலட்சம். மிச்சக் காசு அரசாங்கத்தின் பெரிய பைக்குள் போனது.

இதற்கிடையில் ஒரு நகைச்சுவை. எண்முறை ஒளிபரப்பு வந்தபோது 9ஆம் சனல் வேறு அலைவரிசைக்கு மாறிவிட்டதால், சட்டப்படி நியூ ஜேர்சி மறுபடியும் "நிலையம் இல்லாத மாநிலம்" ஆகிவிட்டது. பிறாட்லியின் அந்தப் பழைய பிரிவைத் தூசுதட்டி எடுத்த ஒரு கம்பனி, நெவாடாப் பாலைவனத்தில் ஈலி என்ற சிற்றூரில் தனக்கிருந்த 3ஆம் சனலை நியூ ஜேர்சிக்குப் பெயர்க்கக் கேட்டது. ஆணையம் மறுக்க, 2012இல் நீதிமன்றம் கம்பனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு நிலையம் மிடில்ரவுனுக்கு வந்துசேர்ந்தது! அதன் அன்ரனா நின்றது மன்ஹற்றனில். அதில் ஓடியவை பெரும்பாலும் நாம் இந்த நாட்டுக்கு வரும் முன்பே எடுத்த பழைய தொடர் நாடகங்கள். மாநிலத்துக்குக் குரல் வேண்டும் என்று எழுதிய சட்டம் கடைசியில் பெற்றுத் தந்தது இதை.

இனி நடந்தது சுருக்கம். எடிசனில் 1996இல் தொடங்கிய கேபிள் சனல் நியூஸ் 12, புயல் நாட்களில் உதவியதை மறுக்கமாட்டோம். ஆனால் அது எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை, கட்டும் கேபிளைப் பொறுத்தது. 2025 பெப்ரவரி தொடக்கத்தில் ஸ்ரார் லெட்ஜர் அச்சில் வருவது நின்றது, ஜேர்சி ஜேர்னல் அடியோடு மூடப்பட்டது. அதே வருடம் வோஷிங்டன் பொது ஒளிபரப்புக்கான நிதியை நிறுத்த, மாநிலமும் தன் பங்கைக் குறைத்தது. செப்ரெம்பரில் 13ஆம் சனல்காரர், 2026 யூன் முடிவோடு நியூ ஜேர்சி சேவையை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள்.

எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 மே 10ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவில் எம்மவர் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அன்றிரவு கனடா முழுவதும் அது செய்தி. அதற்கு முன் வாரக்கணக்கில் நடைபாதையில் கைகோர்த்து நின்றபோது கிடைக்காத கவனம் ஒரே மாலையில் கிடைத்தது. உள்ளூர்த் தொலைக்காட்சியின் இலக்கணத்தை அவர்கள் எம்மைவிட நன்றாகப் படித்திருந்தார்கள். ஆனால் அங்கும் அடுத்த நாள் கேள்வி எதுவாக இருந்தது? வன்னியில் என்ன நடக்கிறது என்பதிலும் பார்க்க, நெடுஞ்சாலையை மறிப்பது சரியா என்பதே பெரிதாக ஓடியது. பாதையை அடைத்து உள்ளே வந்தவர்கள் பாதையாகவே பேசப்பட்டார்கள்.

அந்தப் பதினொரு விநாடியை எம்மில் ஒருவர் ஒளிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். போன வருடம் வீடு மாறும்போது பெட்டிக்குள் இருந்து கிடைத்தது. ஓட்டிப் பார்க்கக் கருவி தேடி ஒரு கிழமை அலைந்தோம். பிள்ளைகள் கூடி இருந்து பார்த்தார்கள். அதில் நீங்கள் எங்கே என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் என்று திரையில் விரலை வைத்துக் காட்டினோம். அதற்குள் படம் மாறி, லிங்கன் சுரங்கப்பாதையில் எத்தனை நிமிடத் தாமதம் என்று வந்துவிட்டது.